யூரின்ல பங்கஸ்னு ஐசியுல சொன்னா என்ன அர்த்தம்?

ஐசியு வாசல்ல காத்துக்கிட்டு இருக்கிற குடும்பத்துக்கு தினம் ஒரு புது வார்த்தை வந்து சேரும். ஒரு நாள் கிரியேட்டினின், இன்னொரு நாள் சாச்சுரேஷன், அப்புறம் செப்சிஸ். படுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆனவங்க வீட்டுக்கு அடிக்கடி வர்றது, "யூரின் கல்ச்சர்ல பங்கஸ் வந்திருக்கு", அதாவது யூரினை லேப்ல வெச்சு என்ன கிருமி வளருதுன்னு பாக்கற டெஸ்ட்ல பூஞ்சை வளர்ந்திருக்கு. சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜிஹெச் ஆகட்டும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகட்டும், ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிங்க ஆகட்டும், பெரியவங்க ஐசியுன்னு இருந்தா இந்த ரிப்போர்ட்டும் இருக்கும். நான் மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்கறேன், தெரிஞ்சவங்க வீட்டுல யாராவது அட்மிட் ஆனா ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாங்க, கூடவே பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பங்கஸ்னு போட்டிருக்கே, ஏன் இன்னும் இதுக்கு மருந்து ஆரம்பிக்கல?" ரெண்டு வரியில பதில் சொன்னா பயம் போகாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்த பயத்தைப் பத்தி. 2021ல கோவிட் ரெண்டாவது அலையில கருப்பு பூஞ்சைன்னு நாம எல்லாரும் கேட்டோம், கண்ணை எடுக்க வேண்டி வந்தவங்க, உயிர் போனவங்கன்னு தினமும் நியூஸ், தமிழ்நாடு அரசே அதை கட்டாயம் தகவல் கொடுக்க வேண்டிய நோயா அந்த வருஷம் மே மாசம் அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல பங்கஸ்னு யாராவது சொன்னாலே அந்த ஞாபகம்தான் வருது. ஆனா அது மியூக்கர்னு வேற குடும்பம், மூக்கு வழியா போய் திசுவையே அரிச்சுக்கிட்டு போற வகை. யூரின்ல வர்றது கிட்டத்தட்ட எப்பவுமே கேன்டிடாங்கற யீஸ்ட். ரெண்டுக்கும் பங்கஸ்ங்கற பொதுப் பேர்தான் ஒண்ணு, நடந்துக்கிற விதம் முழுக்க வேற.

கேன்டிடா எங்க இருந்து வருது? நம்ம கிட்ட இருந்தேதான். வாய், குடல், தொடை இடுக்கு, பெண்களுக்கு பிறப்புறுப்புன்னு நல்லா இருக்கிற ஆளுங்க உடம்புலயே இது அமைதியா குடியிருக்கும், அளவுக்கு மீறி வளராம பாத்துக்கிறது அதே இடத்துல வாழற நல்ல பாக்டீரியாவும் நம்ம எதிர்ப்பு சக்தியும். கைக்குழந்தை நாக்குல வெள்ளையா படியுமே, அதுவும் இதே கேன்டிடாதான். ஆனா நார்மலா சிறுநீர்ப்பையில இது தங்க முடியாது, ஏன்னா நாம ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போகும்போது உள்ள ஏறினது எல்லாம் கழுவிக்கிட்டு வெளிய போயிடும்.

ஐசியுல படுத்தவருக்கு இந்த ஏற்பாடு எல்லாமே ஒரே நேரத்துல மாறிப்போகுது. நினைவில்லாம இருக்கார், பிபி இறங்குது, மணிக்கு எவ்வளவு யூரின் வருதுன்னு அளந்தாதான் கிட்னி வேலை செய்யுதான்னு தெரியும், அதனால யூரின் ட்யூப் போடறாங்க, அது அந்த நேரத்துல கண்டிப்பா தேவை, அதுல தப்பே இல்ல. நிமோனியாவோ வேற இன்ஃபெக்ஷனோ இருக்குன்னு மெரோபெனம், பைப்பராசிலின் டாசோபாக்டம் மாதிரி பலமான ஆன்டிபயாடிக் ஓடுது, அது கெட்ட பாக்டீரியாவோட சேர்த்து குடல்ல இருக்கிற நல்லதையும் அழிக்குது, பங்கஸை மட்டும் ஒண்ணும் செய்யாது, அப்போ கேன்டிடாவுக்கு போட்டியே இல்லாம போயிடுது. சிலருக்கு ஸ்டீராய்டு. சுகர் இருக்கிறவங்களுக்கு யூரின்லயே சர்க்கரை இறங்கும், அது யீஸ்ட்டுக்கு நல்ல சாப்பாடு, சென்னையில ஐசியு பெட்ல படுத்திருக்கிற பெரியவங்கள்ல சுகர் இல்லாதவங்களை தேடணும். வயசு, நாள்கணக்கா படுக்கை, சமீபத்துல நடந்த ஆபரேஷன், யூரின் பாதையில கல்லு அல்லது அடைப்பு, இதெல்லாமும் சேரும்.

இதுல பெரிய காரணம் ட்யூப்தான், அதனால அதைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசலாம். மாடியில இருக்கிற சின்டெக்ஸ் டேங்க்கை ரொம்ப நாள் கழுவாம விட்டா உள் சுவர்ல கை வெச்சா வழவழன்னு ஒரு படலம் ஒட்டியிருக்கும், தண்ணி தெளிவா தெரிஞ்சாலும் அந்தப் படலம் இருக்கும், தண்ணியை மட்டும் மாத்தினா அது போகாது. ட்யூப்போட உள்பக்கமும் வெளிப்பக்கமும் நாள் ஆக ஆக இதே மாதிரி ஒரு படலம் உருவாகுது, பயோஃபிலிம்னு சொல்லுவோம். கிருமிங்க தாங்களே சுரக்கிற பசை மாதிரி பொருளுக்குள்ள ஒட்டிக்கிட்டு கூட்டமா வாழும், அதுக்குள்ள மருந்து சரியா நுழையாது, உடம்போட வெள்ளை அணுவும் நெருங்க முடியாது. வெளிய ஓடற யூரின்ல இருக்கிற யீஸ்ட்டை மருந்து கொன்னாலும் படலத்துல இருந்து அடுத்த நாளே புதுசு உதிர்ந்து வரும். ட்யூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கிருமி யூரின்ல குடியேறுற வாய்ப்பு கூடிக்கிட்டே போகுது, ஒரு மாசம் இருந்துட்டா கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஏதோ ஒண்ணு வளரும், எவ்வளவு சுத்தமா பாத்துக்கிட்டாலும்.

அதனால ரிப்போர்ட்ல கேன்டிடான்னு இருந்தா முதல்ல மனசுல வர வேண்டியது, இது அவரோட நோயா இல்ல ட்யூப்ல ஒட்டினதாங்கற கேள்வி. டாக்டர்ங்க இதை காலனைசேஷன், இன்ஃபெக்ஷன்னு பிரிச்சு பேசுவாங்க. காலனைசேஷன்னா கிருமி சும்மா அங்க இருக்கு, திசுவுக்குள்ள போகல, உடம்பும் அதை எதிர்த்து சண்டை போடல. இன்ஃபெக்ஷன்னா அது உள்ள போய் கெடுதல் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. ஐசியு யூரின்ல வர்ற கேன்டிடாவுல பெரும்பகுதி முதல் வகை. இந்தக் கட்டுரையில இருந்து ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துக்கிட்டுப் போவீங்கன்னா இதை எடுத்துக்கோங்க.

லேப்ல நாங்க என்ன செய்யறோம்னு சொன்னா ரிப்போர்ட்டைப் படிக்க சுலபமா இருக்கும். சாம்பிள் வந்ததும் ஒரு துளியை மைக்ராஸ்கோப்ல பாப்போம், முட்டை வடிவத்துல மொட்டு விட்டுக்கிட்டு இருக்கிற செல் தெரிஞ்சா பட்டிங் யீஸ்ட் செல்ஸ்னு எழுதுவோம், நீள நீளமா சங்கிலி மாதிரி இருந்தா சூடோஹைஃபேன்னு போடுவோம். அப்புறம் கல்ச்சர் தட்டுல தேய்ச்சு இன்குபேட்டர்ல வெப்போம், ஒண்ணு ரெண்டு நாள்ல வெள்ளையா க்ரீம் மாதிரி புள்ளி புள்ளியா வளரும். எந்த கேன்டிடான்னு கண்டுபிடிக்க அடுத்த வேலை. கலர் மாறுற குரோம் அகார்னு ஒரு தட்டு இருக்கு, அதுல அல்பிகன்ஸ் பச்சையா, ட்ராபிகாலிஸ் நீலமா, க்ரூசி இளஞ்சிவப்பா வளரும், பாக்கவே அழகா இருக்கும். இன்னொரு பழைய டெஸ்ட், மனுஷ சீரத்துல போட்டு 37 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம் வெச்சா பெரும்பாலும் அல்பிகன்ஸ்தான் சின்னதா ஒரு வால் விடும், ஜெர்ம் ட்யூப்னு பேர், செலவே இல்லாத டெஸ்ட், இன்னிக்கும் எல்லா லேப்லயும் பண்றோம். பெரிய லேப்கள்ல எந்த வகைன்னு தானே கண்டுபிடிச்சு சொல்ற வைடெக், மால்டிடாஃப் மாதிரி மெஷின் இருக்கு. எந்த மருந்து கேக்கும்ங்கற சென்சிடிவிட்டியும் தேவைப்பட்டா போடுவோம், இதெல்லாம் சேர்ந்து ரெண்டுல இருந்து நாலு நாள் ஆகும், அதனால முதல் நாள் "யீஸ்ட் வளருது"ன்னு வாய்வார்த்தையா சொல்லிட்டு அப்புறம் ஃபைனல் ரிப்போர்ட் லேட்டா வந்தா யாரும் மறைக்கறாங்கன்னு நினைக்க வேண்டாம்.

ரிப்போர்ட்ல ஒரு எண் இருக்கும், ஒரு மில்லிக்கு பத்தாயிரம் சிஎஃப்யூ, ஒரு லட்சம் சிஎஃப்யூன்னு, அதாவது ஒரு மில்லி யூரின்ல வளரக்கூடிய கிருமி எத்தனைங்கற கணக்கு. பாக்டீரியான்னா இந்த எண்ணை வெச்சு ஓரளவு முடிவு பண்ணலாம், கேன்டிடாவுக்கு அப்படி நம்பற மாதிரி ஒரு எல்லைக்கோடு கிடையாது, ட்யூப் இருக்கிறவருக்கு லட்சம் வந்தாலும் அது வெறும் படலமா இருக்கலாம், கிட்னியில உண்மையாவே நோய் இருக்கிறவருக்கு கம்மியாவும் வரலாம். பஸ் செல்ஸ்னு போடற சீழ் அணுக்களும் அப்படித்தான், ட்யூப் உரசுறதுலயே பஸ் செல்ஸ் வரும். "ஒரு லட்சம்னு போட்டிருக்கே"ன்னு நடு ராத்திரி பதறிப்போய் போன் பண்றவங்களுக்கு நான் சொல்றதும் இதுதான்.

சாம்பிள் எப்படி எடுத்தாங்கங்கறது அந்த எண்ணை விட முக்கியம். யூரோபேக்ல, அதாவது ட்யூப் முனையில மாட்டியிருக்கிற பையில, தேங்கி நிக்கிற யூரினை பிடிச்சு அனுப்பக் கூடாது, அது பல மணி நேரமா அங்கேயே இருந்தது, என்ன வேணா வளர்ந்திருக்கும். ட்யூப்ல சாம்பிளுக்குன்னே ஒரு போர்ட் இருக்கும், அதை ஸ்பிரிட்ல துடைச்சு சிரிஞ்சுல எடுக்கணும். ட்யூப் போட்டு நாளாயிருந்தா பழைய ட்யூப்பை எடுத்துட்டு புதுசு போட்டு அதுல இருந்து எடுத்தா இன்னும் நல்லது, பல தடவை ரெண்டாவது சாம்பிள்ல ஒண்ணுமே வளராது, விஷயம் அத்தோட முடிஞ்சிடும். ட்யூப் இல்லாத பெண்களுக்கு சரியா கழுவாம பிடிச்சா பிறப்புறுப்புல இருக்கிற யீஸ்ட் கலந்து வந்துடும். அப்புறம் நம்ம ஊர் வெயில். சின்ன நர்சிங் ஹோம்ல சாம்பிளை அட்டெண்டர் கையில கொடுத்து வெளி லேபுக்கு அனுப்புவாங்க, அவர் அதை பையில போட்டு ஆட்டோவுல ஏறி, நடுவுல ஒரு டீ குடிச்சு, மே மாசத்து மதியத்துல ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு கொண்டு வந்து கொடுத்தா அதுக்குள்ள அதுல இருக்கிறது பல மடங்கு பெருகியிருக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு வரணும், முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஐஸ் பேக்கோட எடுத்துட்டு வாங்க. இது நீங்களே செய்யக்கூடிய விஷயம், தயவுசெஞ்சு செய்யுங்க.

சரி, மருந்து கொடுக்கலன்னா என்ன ஆகும்? இதுக்கு அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஆராய்ச்சி இருக்கு. 2000ல அமெரிக்காவுல இருந்து வெளியான ஒரு பெரிய ஆய்வுல, யூரின்ல பங்கஸ் வந்த 861 ஆஸ்பத்திரி நோயாளிகளைத் தொடர்ந்து பாத்தாங்க. அதுல 83 சதவீதம் பேருக்கு யூரின் ட்யூப் மாதிரி ஏதோ ஒண்ணு இருந்துச்சு, 39 சதவீதம் பேருக்கு சுகர், பெரும்பாலானவங்க ஆன்டிபயாடிக் எடுத்தவங்க. எந்த சிகிச்சையும் கொடுக்காம விட்ட 155 பேர்ல முக்கால்வாசி பேருக்கு பங்கஸ் தானாவே போயிடுச்சு. யூரின்ல இருந்த பங்கஸ் ரத்தத்துலயும் இருந்துச்சுன்னு உறுதியானது 1.3 சதவீதம் பேருக்குத்தான். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வுல, தொந்தரவு எதுவும் இல்லாத 316 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு ஃப்ளூகோனசோல்ங்கற பங்கஸ் மருந்து 200 மில்லிகிராம் 14 நாள், இன்னொரு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தாங்க. 14 நாள் முடிவுல மருந்து எடுத்தவங்கள்ல 50 சதவீதம், எடுக்காதவங்கள்ல 29 சதவீதம் பேருக்கு யூரின் சுத்தமாச்சு, அட நல்லா இருக்கேன்னு தோணும், ஆனா மருந்தை நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ரெண்டு வாரம் மருந்து சாப்பிட்டும் நிலைச்சு நிக்கற பலன் இல்ல. இதெல்லாம் சேர்த்துப் பாத்துதான் 2016ல வந்த அமெரிக்க தொற்றுநோய் டாக்டர்கள் சங்கத்தோட வழிகாட்டி, தொந்தரவு இல்லாம யூரின்ல கேன்டிடா மட்டும் இருந்தா மருந்து வேண்டாம், முடிஞ்சா ட்யூப்பை எடுங்கன்னு தெளிவா சொல்லுது. உங்க டாக்டர் மருந்து எழுதாம ட்யூப்பை மாத்தச் சொன்னா அவர் கவனிக்கலன்னு அர்த்தம் இல்ல, படிச்சு யோசிச்சுதான் செய்யறார்.

ஆனா எல்லாருக்கும் அப்படி விட முடியாது, இந்த இடத்தை கவனமா படிங்க. கீமோதெரபி எடுத்து வெள்ளை அணுக்கள் ரொம்பவே இறங்கிப்போனவங்க, ஒன்றரை கிலோவுக்கும் கம்மியா பிறந்த குறைமாசக் குழந்தைங்க, இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்ல யூரின் பாதையில கல்லு உடைக்கிற, ஸ்டென்ட்னு சின்னக் குழாய் வைக்கிற மாதிரி ஆபரேஷன் இருக்கிறவங்க, இவங்களுக்கு தொந்தரவே இல்லன்னாலும் மருந்து கொடுப்பாங்க. எக்மோர்ல குழந்தைகள் ஆஸ்பத்திரி என்ஐசியு, அதாவது பச்சிளங்குழந்தைங்க ஐசியு மாதிரி இடத்துல சின்னக் குழந்தை யூரின்ல கேன்டிடா வந்தா ரத்த கல்ச்சர், கிட்னி ஸ்கேன்னு உடனே அடுத்தடுத்து பாக்கறது அதனாலதான், அந்தக் குழந்தைங்களுக்கு யூரின்ல தெரியறது உடம்பு முழுக்கப் பரவினதோட அடையாளமா இருக்கலாம்.

தொந்தரவு இருந்தாலும் கொடுக்கணும். நினைவோட இருக்கிறவர்னா எரிச்சல், அடிவயித்து வலி, அடிக்கடி வர்றது, விலாவுல வலின்னு சொல்லுவார். வென்டிலேட்டர்ல மயக்கத்துல இருக்கிறவர் எதையும் சொல்ல மாட்டார், காய்ச்சல் ஒண்ணுதான் தெரியும், அதுக்கு நூறு காரணம் இருக்கலாம், நெஞ்சு சளி, பெரிய ரத்தக்குழாய்ல போடற சென்ட்ரல் லைன், படுக்கைப் புண், கால்ல ரத்தக்கட்டி, மருந்தோட பக்க விளைவுன்னு. அதனால நல்ல ஐசியுல காய்ச்சல் வந்து யூரின்ல கேன்டிடாவும் வந்தா உடனே முடிச்சுப் போட மாட்டாங்க, மத்த காரணம் ஒவ்வொண்ணையும் தேடுவாங்க, ரத்த கல்ச்சர் எடுப்பாங்க, கிட்னியில அடைப்பு இருக்கா, பங்கஸ் உருண்டையா திரண்டிருக்கான்னு அல்ட்ராசவுண்ட் பாப்பாங்க. கல்லோ கட்டியோ அடைச்சுக்கிட்டு இருந்தா அடைப்பை நீக்காம எந்த மருந்தும் வேலை செய்யாது.

இங்க இன்னொரு முக்கியமான விஷயம், கேன்டிடா கிட்னிக்கு ரெண்டு வழியா போகலாம். ஒண்ணு கீழ இருந்து ட்யூப் வழியா மேல ஏறுறது. இன்னொண்ணு ரத்தத்துல ஏற்கனவே கேன்டிடா ஓடிக்கிட்டு இருந்து, கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது அங்க தங்கி, யூரின்ல எட்டிப் பாக்கறது. ரெண்டாவது நடக்கறது கம்மி, ஆனா நடந்தா ஆபத்து. பிபி நிக்கல, சென்ட்ரல் லைன் போட்டு நாளாச்சு, வயித்துல பெரிய ஆபரேஷன் ஆயிருக்கு, ஆன்டிபயாடிக் ஓடியும் காய்ச்சல் விடல, இப்படி இருக்கிறவர் யூரின்ல கேன்டிடா வந்தா டாக்டர் அதை ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கிட்டு ரத்தத்துலயும், ரத்தம் வழியா அது போகக்கூடிய கண்லயும் தேடுவார். ஒரே ரிப்போர்ட், பக்கத்து பெட்காரருக்கு ஒண்ணும் செய்யாம விட்டாங்க, நம்மவருக்கு மட்டும் ஊசி ஆரம்பிச்சிட்டாங்கன்னா காரணம் இந்த வித்தியாசம்தான்.

யூரின்ல கேன்டிடா வந்தவங்கள்ல இறப்பு அதிகம்னு கூகுள்ல படிச்சுட்டு உடைஞ்சு போறவங்க நிறைய. அந்த எண்ணிக்கை உண்மைதான், ஆனா அதுல செத்துப்போனவங்க பெரும்பாலும் பங்கஸால சாகல, ஏற்கனவே இருந்த பெரிய நோயால. ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் ட்யூப், ஆன்டிபயாடிக், நீண்ட படுக்கை எல்லாம் சேருது, அவங்களுக்குத்தான் கேன்டிடாவும் வருது. அவர் எவ்வளவு முடியாம இருக்கார்னு காட்டுற அடையாளம் அது, அந்த முடியாமைக்கு காரணம் அது கிடையாது.

மருந்துல ஒரு வேடிக்கையான விஷயம் இருக்கு, காசு செலவழிக்கிற குடும்பம் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். யூரின் பாதையில கேன்டிடாவுக்கு முதல் மருந்து ஃப்ளூகோனசோல், பழைய மருந்து, விலை மலிவு, மாத்திரையாவே கொடுக்கலாம், எடுத்ததுல சுமார் 80 சதவீதம் மாறாம யூரின்லயே வந்து சேரும், அதாவது எங்க வேணுமோ அங்க போய் நிக்கும். காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின்னு ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்குல செலவாகுற ஊசிங்க இருக்கு, ரத்தத்துல கேன்டிடா இருந்தா அதுதான் உயிர் காப்பாத்தும், ஆனா அது யூரினுக்கு ரொம்ப கம்மியாத்தான் வரும். வோரிகோனசோல்ங்கற இன்னொரு பங்கஸ் மருந்தும் அப்படித்தான். ஆம்ஃபோடெரிசின்ங்கற பங்கஸ் ஊசியில பழைய சாதா வகை கிட்னியைப் பதம் பாக்கும், ஆனா யூரின் பாதைக்கு வேலை செய்யும், விலை கூடின லிபோசோமல் வகையில கிட்னிக்கு பாதிப்பு கம்மி, ஆனா யூரின்ல போதுமான அளவு வராது. "காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல டாக்டர், பெரிய மருந்தே போடுங்க"ன்னு அன்பால சொல்றவங்களை நிறைய பாத்திருக்கேன், இந்த நோய்ல பெரிய மருந்து எப்பவும் நல்ல மருந்து இல்ல.

ஃப்ளூகோனசோல் மலிவா இருக்கேன்னு சும்மா போட்டு வைக்கலாமேன்னும் நினைக்காதீங்க. அது லிவரை பாதிக்கலாம், இதயத் துடிப்போட லயத்தை மாத்தலாம், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவருக்கு ரத்தம் கசியற அளவுக்கு அதோட வேகத்தைக் கூட்டும், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுக்கறவருக்கு அதோட அளவு ஏறும், கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோட சேர்ந்தா சுகர் தாறுமாறா இறங்கும், கிட்னி மாத்தினவங்க சாப்பிடற டாக்ரோலிமஸையும் ஏத்திவிடும். ஐசியுல இருக்கிறவர் ஏற்கனவே பத்து மருந்துல இருக்கார், அதனால வெளிய மெடிக்கல் ஷாப்ல நாமளா வாங்கிக் கொடுக்கற மருந்து இல்ல இது.

அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு. தேவையில்லாம மருந்து போடப் போட, அந்த மருந்துக்கு சாகற வகை போய், சாகாத வகை மிஞ்சும். க்ரூசிக்கு இயற்கையாவே ஃப்ளூகோனசோல் கேக்காது, கிளாப்ராட்டாங்கற இன்னொரு கேன்டிடா வகைக்கு அடிக்கடி கேக்காது. இப்போ கேன்டிடா ஆரிஸ்னு ஒண்ணு. 2009ல ஜப்பான்ல ஒருத்தர் காதுல இருந்து எடுத்த சாம்பிள்ல முதல்ல கண்டுபிடிச்சு பேர் வெச்சாங்க, அடுத்த சில வருஷத்துல இந்தியா உட்பட பல நாட்டு ஐசியுக்கள்ல வந்துடுச்சு. இதுல பெரும்பாலானதுக்கு ஃப்ளூகோனசோல் கேக்காது, பெட் கம்பி, மானிட்டர் வயர், பிபி பட்டைன்னு எல்லாத்துலயும் நாள்கணக்கா உயிரோட இருக்கும், ஆஸ்பத்திரியில சாதாரணமா துடைக்கிற சில கிருமிநாசினிக்கும் சாகாது, ஒரு பெட்ல இருந்து அடுத்த பெட்டுக்கு கையால போகும். 2022 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் முதல் தடவையா ஆபத்தான பங்கஸ் பட்டியல் வெளியிட்டப்போ மேல்மட்டத்துல வெச்ச நாலுல ஆரிஸும் ஒண்ணு, அல்பிகன்ஸும் ஒண்ணு. யூரின்ல ஆரிஸ் வந்தா, அது வெறும் காலனைசேஷனாவே இருந்தாலும், அவரை தனி ரூமுக்கு மாத்தி, உள்ள போறவங்க எல்லாம் கவுன், கிளவுஸ் போடுவாங்க. நோயாளியை ஒதுக்கறாங்கன்னு வருத்தப்படாதீங்க, பக்கத்துல இருக்கிற இன்னொரு வீட்டுக்காரரைக் காப்பாத்த செய்யற ஏற்பாடு அது.

2012ல இந்தியா முழுக்க இருந்து டாக்டர் சங்கங்க நம்ம சென்னையில கூடி, ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு பயன்படுத்தறதை எப்படி கட்டுப்படுத்தறதுன்னு பேசி ஒரு திட்டம் போட்டாங்க, சென்னைப் பிரகடனம்னே அதுக்குப் பேர். பாக்டீரியா மருந்தைப் பத்தின பேச்சு அது, ஆனா யூரின்ல பங்கஸ் வர்றதுக்கும் அதே ஆன்டிபயாடிக் ஒரு காரணம்ங்கறதால எனக்கு ரெண்டும் ஒரே விஷயமாத்தான் தெரியுது. கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை குறைச்சா பங்கஸும் குறையும்.

குடும்பத்துக்காரங்க என்ன கேக்கலாம்? ரவுண்ட்ஸ் முடிஞ்சு டாக்டர் பேசற அந்த அஞ்சு நிமிஷத்துல "பங்கஸுக்கு என்ன மருந்து டாக்டர்"னு ஆரம்பிக்காம, "ட்யூப் இன்னும் தேவைப்படுதா டாக்டர், எடுக்க முடியுமா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு பலன் அதிகம், ஏன்னா ஐசியுல இருந்து வார்டுக்கு மாத்தினதுக்கு அப்புறமும் சும்மா பழக்கத்துல ட்யூப் அப்படியே தொடர்றது உலகம் முழுக்க நடக்கறது. ஆண்களுக்கு வெளிய மாட்டற காண்டம் கதீட்டர், பெண்களுக்கு டயப்பர், தேவைப்படும்போது மட்டும் ட்யூப் விட்டு எடுத்துடறதுன்னு வழி இருக்கு. டயப்பர் மாத்தறது சிரமம்னு நாமளே "ட்யூப் இருக்கட்டும் சிஸ்டர்"னு சொல்றது உண்டு, சிரமம் எனக்கும் புரியுது, வீட்டுல ஆள் பலம் இல்லாதவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல, ஆனா அந்த வசதிக்கு நோயாளி கொடுக்கற விலையையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் வேணா ஆன்டிபயாடிக் இன்னும் எத்தனை நாள், சுகர் கன்ட்ரோல்ல இருக்கா, ரத்த கல்ச்சர் எடுத்தாச்சான்னு கேளுங்க. உள்ள போகும்போதும் வரும்போதும் கையை சானிடைசர் போட்டு தேய்ங்க, நோயாளியைத் தொட்டுட்டு அடுத்த பெட் கம்பியைப் பிடிக்காதீங்க.

சிலரை ட்யூப்போடவே வீட்டுக்கு அனுப்புவாங்க, பக்கவாதம் வந்தவங்க, ப்ராஸ்டேட் அடைப்பு இருக்கிறவங்க. வீட்டுல யூரோபேக் எப்பவும் இடுப்புக்கு கீழ தொங்கணும், ஆனா தரையில படக்கூடாது, படுக்கையில வைக்கவும் கூடாது, முக்கால்வாசி நிறையறதுக்குள்ள காலி பண்ணணும், பேக்கையும் ட்யூப்பையும் சும்மா சும்மா கழட்டி மாட்டக் கூடாது. ட்யூப் நுழையற இடத்தை தினமும் சோப்பு தண்ணியில கழுவினா போதும், பவுடர் ஆயின்ட்மென்ட் எதுவும் வேண்டாம். யூரின் கொஞ்சம் கலங்கலா வருது, நாத்தம் அடிக்குதுன்னு மட்டும் கல்ச்சருக்கு அனுப்பாதீங்க, ட்யூப் இருக்கிற யூரின்ல எப்ப அனுப்பினாலும் ஏதாவது வளரும், அதுக்கு ஒரு மருந்து, அந்த மருந்தால இன்னொரு கிருமின்னு போய்க்கிட்டே இருக்கும். குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலா வலி, யூரின் வராம வயிறு உப்பறது, ரத்தம் கலந்து வர்றது, நல்லா பேசிக்கிட்டு இருந்தவர் திடீர்னு குழம்பிப் பேசறது, இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, 108க்கு போன் பண்ணாலும் வந்துடுவாங்க, போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க, எந்த கேன்டிடா வந்துச்சு, எந்த மருந்து கேட்டுச்சுன்னு அதுல இருக்கும், புது டாக்டருக்கு ரெண்டு மூணு நாள் மிச்சமாகும்.